குகைக்குள் யார்? சரளமாக வாசித்த ஒரு சிறுமியின் கதைப்புரிதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய புளியரை வட்டாரத்தில் விடுமுறை நாள்களில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். அதற்கு வரும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது இந்த ஆய்வு. அவளுடைய பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லப்போவதில்லை. சாகசக் கதையைத் தங்குதடையில்லாமல் வாசிப்பாள். கதைக்குக் கீழே உள்ள கேள்விகளுக்குச் சரியான விடையும் எழுதுவாள். ஆனால் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் வேறொரு கதையைச் சொல்வாள். இப்படி வாசிக்கும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதிப்பெண் நன்றாக வருவதால் அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. இதை விரிவாக எழுதக் காரணம் அதுதான்.

பின்னணி

சிறுமியின் அப்பா கொல்லம் மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. மூன்றாம் வகுப்பு வரை அவள் புனலூர்ப் பக்கம் மலையாள வழியில் படித்தாள். பிறகு ஆச்சி வீட்டுக்கு வந்து நான்காம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படிக்கிறாள். இந்தப் பகுதிக்கு இது புதிதல்ல. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தான். எல்லையில் உள்ள கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வீடு என்று வாழும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். வீட்டில் பேசுவது தமிழ். கடைத்தெருவில் இரண்டும்.

பள்ளியில் அவளைப் பற்றிக் குறை ஏதும் இல்லை. தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் 2023-ல் தொடங்கியபோது சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் கொடுத்தார்கள். அவள் ‘ஓடு’ நிலைப் புத்தகங்களைத் தயங்காமல் வாசித்தாள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நாடெங்கும் கிராமங்களில் நடந்துவரும் அசர் (ASER) கணக்கெடுப்பில் வாசிப்பின் உச்சப் படி, இரண்டாம் வகுப்புத் தரத்திலான ஒரு சிறு கதையை வாய்விட்டு வாசிப்பது. அதையும் எளிதாகத் தாண்டிவிடுவாள். அந்தக் கணக்கெடுப்பைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே முடியாத பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி. இந்தப் பிள்ளையின் சிக்கல் அந்தப் படிக்கு மேலே இருந்தது.

வட்டத்தில் ஒருநாள், வாசித்த கதையை நடித்துக் காட்டச் சொன்னபோதுதான் சந்தேகம் வந்தது. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவள் மட்டும் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. ஆச்சியிடம் பேசினேன். “மலையாளத்துல படிச்ச பிள்ளைல்லா டீச்சர், தமிழு கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்” என்றார். பள்ளியிலும் அதையேதான் சொன்னார்கள்.

கதை

புரிதலைச் சோதிக்கும்போது, பிள்ளைக்குத் தெரியாத உலகத்தைக் கதையில் வைத்தால் எது தடுக்கிறது என்று பிரித்தறிய முடியாது. ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்பெற்றது. பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் ஒரு பத்தியை 64 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆடுகளத்தின் மாதிரியையும் மரப் பொம்மைகளையும் கொடுத்து, வாசித்ததை நகர்த்திக் காட்டச் சொன்னதுதான் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுதத் தெரியாவிட்டாலும், பேசக் கூச்சப்பட்டாலும், பிள்ளை மனத்தில் இருக்கும் காட்சி கை வழியே வெளியே வந்துவிடும்.

ஆகவே அவளுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலேயே கதையை வைத்தேன். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே உள்ள ரயில் குகை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் பாதை, அகலப் பாதை வேலைக்காக 2010-ல் மூடப்பட்டு 2018-ல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வழியே ரயில் இல்லை. கதை அந்தக் காலத்தில், ஆடி மாதச் சாரலில் நடக்கிறது. ஆடு தொலைகிறது. மாடசாமி, இசக்கி என்ற இரண்டு பிள்ளைகள் தேடிப் போகிறார்கள். கதையின் நடுவே இந்தப் பத்தி:

“ஆட்டைத் தேடிக் குகைக்குள் நுழைந்த மாடசாமி, பின்னால் வந்த இசக்கியை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, சுவரைத் தடவியபடி இருட்டுக்குள் மறைந்தான். சற்று நேரத்தில் உள்ளிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டு, சரிவில் இறங்கி ஓடி, சாலையில் வந்துகொண்டிருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி அழைத்து வந்தபோது, குகை வாசலில் ஆடு மட்டும் செம்மண் அப்பிய உடம்போடு நின்றுகொண்டிருந்தது.”

இரண்டாம் வாக்கியத்தில் திடுக்கிட்டது யார், ஓடியது யார் என்று எழுதவில்லை. பெரியவர்கள் இதை வாசிக்கும்போது யார் என்ற கேள்வியே எழாது. சத்தம் ‘உள்ளிருந்து’ கேட்கிறது என்றால் கேட்பவள் வெளியே நிற்கிறாள், ஆகவே இசக்கி. ஆடு தானாக வெளியே வந்துவிட்டது, மாடசாமி இன்னும் உள்ளேதான். கதையின் பதற்றம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நம் சிறுவர் கதைகளில் இப்படிப்பட்ட வாக்கியம் பக்கத்துக்கு ஒன்றாவது இருக்கும்.

முதல் வாசிப்பு

வாய்விட்டு வாசித்தாள். பிழை இல்லை. மூச்சு விடும் இடங்கள்கூடச் சரி. பாடநூல் பாணியில் சில கேள்விகள் கேட்டேன். மாடசாமி எதைத் தேடிக் குகைக்குள் நுழைந்தான்? “ஆட்டைத் தேடிக் குகைக்குள் நுழைந்தான்.” பெரியவர் எங்கே வந்துகொண்டிருந்தார்? “சாலையில் வந்துகொண்டிருந்தார்.” எல்லாம் சரி.

இந்த வகைக் கேள்விகள் புரிதலை அளப்பதில்லை என்பதை எந்த ஆசிரியரும் நிமிடத்தில் சோதித்துவிடலாம். ‘பிண்டன் சோவையைத் தேடி முறலுக்குள் நுழைந்தான்’ என்று பொருளே இல்லாத ஒரு வரியை எழுதி, பிண்டன் எதைத் தேடினான் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் “சோவையை” என்று சரியாகச் சொல்வார்கள். கேள்வியில் உள்ள சொற்களைக் கதையில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதும் திறமை அது. அதுவும் ஒரு திறமைதான். புரிதல் வேறு.

அடுத்துத் தரையில் சாக்பீஸால் குகை, வாசல், சரிவு, சாலை வரைந்தேன். மாடசாமிக்குக் கறுப்புக் கூழாங்கல், இசக்கிக்கு வெள்ளை, பெரியவருக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சோழி. கதையைப் பார்த்துக்கொண்டே நகர்த்தச் சொன்னேன். கறுப்புக் கல் குகைக்குள் போனது. வெள்ளை வாசலில் நின்றது. பிறகு கறுப்புக் கல் வெளியே வந்து, சரிவில் இறங்கி, சாலைக்குப் போய், புளியங்கொட்டையைக் கூட்டிக்கொண்டு திரும்பியது.

“இப்ப இசக்கி எங்க?”

“அவ அங்கனதான் நிக்கா டீச்சர்.”

“அப்ப குகைக்குள்ள யாரு?”

“யாரும் இல்ல.”

அடுத்த பத்தியில், விழுந்த கல்லுக்கு அடியில் சிக்கிய மாடசாமியின் காலைப் பெரியவர் விடுவிக்கிறார். அதை வாசித்ததும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கறுப்புக் கல்லை எடுத்து மறுபடி குகைக்குள் வைத்தாள். “அவன் திரும்ப உள்ள போயிருப்பான் டீச்சர்” என்றாள்.

இந்தப் பதில்தான் இந்த ஆய்விலேயே நம்பிக்கை தரும் இடம். யோசிக்காத பிள்ளை இப்படிச் சொல்லமாட்டாள். தன் மனக்காட்சியும் கதையில் எழுதியிருப்பதும் ஒட்டவில்லை என்பதைக் கண்டுகொண்டாள், ஒட்டவைக்க இல்லாத ஒரு நிகழ்ச்சியைத் தானே கற்பித்துக்கொண்டாள். ஊகிக்கும் ஆற்றல் நன்றாகவே இருக்கிறது. முதல் அடி தப்பிப்போனதால் அந்த ஆற்றல் முழுவதும் தப்பைச் சரிக்கட்டுவதில் செலவாகிறது.

எங்கே தடுக்கிறது?

கவ், டன்மர் இருவரும் 1986-ல் முன்வைத்த ‘எளிய வாசிப்புப் பார்வை’ ஆசிரியப் பயிற்சிகளில் அடிக்கடி பேசப்படுவது. எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்புப் புரிதல் என்பார்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு பெரிதானாலும் விடை பூஜ்யம். இவளுக்கு எழுத்துத் திறன் முழுமையாக இருக்கிறது. தமிழ் தாய்மொழி, வாய் ஓயாமல் பேசுகிறாள். கணக்குப்படி புரிந்திருக்க வேண்டும்.

கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் என்பதில் ‘எந்தத் தமிழைக் கேட்டு’ என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மனப்பாடம் வென்றுவிடும் என்பதால், அதே கட்டமைப்பில் வேறு கதைகளையும் எழுதினேன். சோதனைச் சாவடியில் நிற்கும் மரவள்ளிக்கிழங்கு லாரியில் ஏறிக்கொண்ட சிறுவன் கதையை எழுத்துத் தமிழில் நானே வாசித்துக் காட்டினேன். அவள் கேட்க மட்டும் செய்தாள். ஆள் மாறிய இடத்தில் மறுபடியும் கல் தப்பான இடத்துக்குப் போனது. ஓடையில் வெள்ளம் வரும் கதையைப் புத்தகம் இல்லாமல், எங்கள் பேச்சிலேயே சொன்னேன்: “அண்ணன் ஓடையத் தாண்டிட்டான். தங்கச்சி இந்தக் கரையில நிக்கா. தண்ணி ஏறுது. பாத்தா. பயந்துட்டா. வீட்டப் பாத்து ஓடுதா.” ஒரு கல்கூடத் தப்பவில்லை.

கடைசியாக, எழுத்துத் தமிழிலேயே, ஆனால் சின்னச் சின்ன முற்று வாக்கியங்களில் எழுதிய ஒரு கதையை வாசிக்கக் கொடுத்தேன். ‘இசக்கி சத்தத்தைக் கேட்டாள். திடுக்கிட்டாள். சரிவில் இறங்கினாள்’ என்ற பாணியில். அதிலும் தடுமாறவில்லை. ஆக, எழுத்துத் தமிழின் சொற்கள் அவளைத் தடுக்கவில்லை. வாக்கியம் கட்டப்படும் விதத்தில்தான் விழுகிறாள்.

தமிழில் வினைமுற்று பால் காட்டும். ஓடினான் என்றால் அவன், ஓடினாள் என்றால் அவள். வினையெச்சம் காட்டாது. கேட்டு, திடுக்கிட்டு, இறங்கி, ஓடி, சொல்லி என்று எத்தனை அடுக்கினாலும் செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்று எந்தக் குறிப்பும் இல்லை. ‘வந்தபோது’ என்பதிலும் இல்லை. அடுக்கின் முடிவில் வரும் முற்று வழக்கமாக ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். மேலே உள்ள வாக்கியத்திலோ முற்று ஆட்டுக்குப் போய்விட்டது. வாசிப்பவர் ஆளைச் சூழலிலிருந்துதான் எடுக்க வேண்டும். இவள் கடைசியாக எழுவாயாக வந்த மாடசாமியையே கையில் பிடித்துக்கொண்டு போகிறாள். பேச்சிலும் வினையெச்சம் வரும். ஆனால் கதை சொல்கிறவர் ஓரிரண்டுக்கு மேல் அடுக்கமாட்டார். ஆள் மாறும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிட்டு ‘இவ என்ன செஞ்சா’ என்று புதிதாகத் தொடங்குவார். ஆச்சிமார் கதையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த உதவி பழகியிருக்கிறது. புத்தகம் அதைக் கொடுப்பதில்லை.

மலையாளப் பள்ளி காரணமா?

இந்த எண்ணத்தைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. அதற்கு வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. மலையாளத்தில் வினைமுற்றும் பால் காட்டாது. அவனுக்கும் அவளுக்கும் அவர்களுக்கும் ‘வந்நு’ ஒன்றுதான். மூன்று ஆண்டுகள் அப்படிப் படித்த பிள்ளை, தமிழில் வினையின் ஈற்றைக் கவனிக்காமல் போகலாம் என்று நினைக்க இடம் உண்டு.

ஆனால் இரண்டு விஷயங்கள் அதற்கு எதிராக நிற்கின்றன. ஈறு இருக்கும் இடங்களில், அதாவது முற்று வாக்கியக் கதையில், அவள் தப்பவே இல்லை. ஈறு இல்லாத இடத்தில்தான் தப்பினாள். அடுத்து, வட்டத்துக்கு வரும் மற்றப் பிள்ளைகளிடமும் அதே குகைக் கதையைக் கொடுத்தேன். மலையாளப் பள்ளி வாசலை மிதிக்காத பிள்ளைகள் சிலரும் கறுப்புக் கல்லைத்தான் சாலைக்கு அனுப்பினார்கள். ஊர் முழுக்க ஒரு காரணத்தைச் சொல்லி ஒரு பிள்ளைமேல் முத்திரை குத்தியிருந்த நிலையில், இதை ஆச்சியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று பட்டது. சொன்னேன். இரண்டு மொழி தெரிந்தது அவளுக்குப் பலம். குகைக் கதையிலேயே, ஆரியங்காவுப் பெரியவர் பேசும் இரண்டு மலையாள வரிகளை அவள்தான் மற்றவர்களுக்கு விளக்கினாள்.

என்ன செய்தோம்

முதலில் பலன் தராதவை. அருஞ்சொற்பொருள் எழுதவைப்பதால் ஒன்றும் மாறவில்லை, சொற்கள் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ‘இக்கதையின் நீதி என்ன’ என்ற கேள்வி கெடுதலே செய்தது. எந்தச் சாகசக் கதைக்கும் “தைரியமாக இருக்க வேண்டும்” என்று எழுதிவிட்டு மூடிவைத்துவிடுகிறாள். கதைக்குள் போகாமலே வெளியே வர அது வழி கொடுக்கிறது. சாகசக் கதைக்குக் கீழே நீதி கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். குகைக்குள் இப்போது யார் இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் பயம் வரும். பயம் வந்த பிள்ளைதான் பக்கத்தைப் புரட்டும்.

பலன் தந்த முதல் வேலை, ஆள் எழுதுவது. ஒவ்வொரு வினையெச்சத்துக்கும் கீழே பென்சிலால் ‘மா’, ‘இ’, ‘பெ’ என்று செய்தவரைக் குறிக்க வேண்டும். தெரியாவிட்டால் கேள்விக்குறி. கேள்விக்குறி போட்ட இடத்தில் நின்று, முன்பின் பார்த்துத் தடயம் தேட வேண்டும். ‘உள்ளிருந்து’ என்ற சொல்லுக்கு அடியில் அவளாகவே கோடு போட்ட அன்று வேலை பாதி முடிந்தது.

இரண்டாவது, உடைத்துச் சேர்ப்பது. நீண்ட வாக்கியத்தை முற்று வாக்கியங்களாக உடைக்கச் செய்தேன். உடைப்பது பிள்ளைகளுக்கு எளிது, விருப்பமும்கூட. அதோடு நிறுத்தினால் எழுத்துத் தமிழுக்குப் போகும் பாலம் கிடைக்காது. உடைத்ததை மறுபடி ஒரே வாக்கியமாகச் சேர்க்கவைக்க வேண்டும். சேர்க்கும்போதுதான் எங்கே ஆள் மாறுகிறது, எங்கே பெயரைப் போட வேண்டும் என்று கையே உணரும். அதிக நேரம் இதற்குத்தான் கொடுத்தோம்.

மூன்றாவது வேலையை ஆச்சி செய்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவில் பேத்தி வாசிக்க வேண்டும், ஆச்சி கேட்க வேண்டும், விளங்காத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “ஏட்டி, இப்ப அவன் எங்கன இருக்கான்?” பாலின்சார், பிரவுன் இருவரும் 1984-ல் விவரித்த பரிமாற்றக் கற்பித்தலில் நான்கு வேலைகள் உண்டு. அடுத்து வருவதை ஊகிப்பது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது. ஆச்சி எந்தப் பயிற்சியும் இல்லாமல் மூன்றாவதைச் செய்தார். தனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டார். ஆசிரியர் சோதிக்கக் கேட்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை நன்றாக அறிவாள். ஆச்சிக்குப் பதில் சொல்லத் திரும்பத் தேடிப் பார்த்தாள்.

விளைவு

சாரல் ஓய்ந்த பிறகு, அவள் பார்த்திராத ஒரு கதையைக் கொடுத்துக் கற்களை நகர்த்தச் சொன்னேன். ஆள் மாறும் எல்லா இடத்திலும் சரியாக நகர்த்தினாள். ஓரிடத்தில் கல்லைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டே மேலே இரண்டு வரி போய் வாசித்துவிட்டு வந்து வைத்தாள்.

இதற்கு ஒரு விலை இருந்தது. அவளுடைய வாய்வாசிப்பின் வேகம் குறைந்தது. நடுவில் நிற்கிறாள், பின்னால் போகிறாள். “முன்ன கடகடன்னு வாசிப்பா, இப்ப திக்குறா” என்று பள்ளியிலிருந்து ஆச்சிக்குத் தகவல் வந்தது. வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து, நிற்கும் இடங்களைக் கவனிக்கும்படி கேட்டுக்கொண்டேன். எழுத்துத் தெரியாமல் நிற்கும் பிள்ளை சொல்லின் நடுவில் நிற்கும். இவள் நிற்பது வினையெச்சத்துக்குப் பிறகு. அவர் பொறுமையாகக் கேட்டார். மௌன வாசிப்புக்கும் நேரம் ஒதுக்குவதாகச் சொன்னார்.

அவளே எழுதிய கதை ஒன்றும் என்னிடம் இருக்கிறது. பதின்மூன்று கண் பாலத்துக்கு அடியில் பாம்பைப் பார்த்த கதை. அதில் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், இலக்கணப்படி தேவையே இல்லாத இடத்தில், தங்கையின் பெயரைச் செருகியிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “போடலன்னா படிக்கிறவங்க அண்ணன்னு நினைச்சிருவாங்கல்லா டீச்சர்” என்றாள்.

மீதமிருப்பது

‘என்று’ வரும் இடங்கள் இன்னும் சரியாகவில்லை. ‘அவன் வந்துவிட்டான் என்று நினைத்து ஓடினான்’ என்பதில் வந்தவனும் ஓடியவனும் ஒருவனா இருவரா என்று குழம்புகிறாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதாக வந்தால் குழப்பம் கூடுகிறது. கற்களால் இதைக் காட்ட முடியாது, ஏனென்றால் நினைப்பதற்கு இடம் இல்லை. பேச்சுக் குமிழி வரைந்து, அதற்குள் சிறிய கல்லை வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

ஒரு பிள்ளையைப் பார்த்து எழுதிய ஆய்வு இது. இதே சிக்கல் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று இதை வைத்துக் கணக்குச் சொல்ல முடியாது. குகைக் கதையில் தடுமாறிய மற்றப் பிள்ளைகளுக்கும் ஆள் எழுதும் வேலையை வரும் ஜூனில் தொடங்குகிறோம். அவர்களுக்கு வேண்டிய கதைகளில் ஒன்றை அவள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.